உடம்புக்கு முடியவில்லை என்றால் சாட்பாட்டைக் கேட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக்கில் எண் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே எழுதிக் கேட்டால் பதில் எழுதும் சாட்பாட்டுகளான சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ நோயைச் சொல்லிப் பதில் வாங்கிவிடுவது இப்போது பழகிப்போன காட்சி. அதைத் தடுப்பதற்காக இந்தப் பக்கம் எழுதப்படவில்லை. எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் காலை வாரும், கேட்பதானால் எப்படிக் கேட்பது என்பதற்கான பதில்கள் இவை. கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்ந்துபோவது, பேச்சுக் குளறுவது, நிற்காத ரத்தப்போக்கு, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள்.

சாட்பாட் டாக்டரைவிட நன்றாகப் பதில் சொல்கிறது என்று ஓர் ஆய்வே சொல்கிறதாமே?

ஆமாம், அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. 2023 ஏப்ரலில் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜான் ஏயர்ஸ் தலைமையில் நடந்தது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பொதுமக்கள் கேட்க, மருத்துவர் என்று சரிபார்க்கப்பட்டவர்கள் பதில் எழுதும் பகுதி ஒன்று உண்டு. அங்கே 2022 அக்டோபரில் வந்த 195 கேள்விகளை எடுத்து, அதே கேள்விகளை டிசம்பரில் சாட்ஜிபிடியிடமும் கொடுத்தார்கள். எந்தப் பதில் யாருடையது என்று சொல்லாமல், ஒவ்வொரு கேள்வியையும் மருத்துவத் துறையினர் மூன்று பேர் மதிப்பிட்டார்கள்.

மொத்தம் 585 மதிப்பீடுகள். அவற்றில் 78.6 விழுக்காட்டில் சாட்பாட்டின் பதிலே மேல் என்றார்கள். தரத்தில் ‘நன்று’ அல்லது அதற்கு மேல் வாங்கியவை சாட்பாட் பதில்களில் 78.5 விழுக்காடு, மருத்துவர் பதில்களில் 22.1. பரிவு காட்டியவை என்று மதிப்பிடப்பட்டவை 45.1 விழுக்காடும் 4.6 விழுக்காடும். எல்லாரும் எடுத்துப் பகிர்ந்தது இந்தக் கடைசிக் கணக்கைத்தான்.

பகிராமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. மருத்துவரின் பதில் சராசரியாக 52 சொல், சாட்பாட்டின் பதில் 211 சொல். ஒரு பக்கம் மனிதர் சம்பளமில்லாமல் எழுதியது. இன்னொரு பக்கம் களைப்பே தெரியாத ஒன்று நாலு மடங்கு நீளத்தில் எழுதியது. நீளமான பதில் அக்கறையான பதிலாகத் தெரிவது இயல்பு. அந்த மருத்துவர்களிடம் நோயாளியின் பழைய பதிவேடு கிடையாது, முகம் பார்க்கவும் வழியில்லை. பதிலில் உள்ள மருத்துவத் தகவல் ஒவ்வொன்றும் சரியா என்று தனியாகச் சோதிக்கவும் இல்லை. கேள்வி கேட்ட நோயாளிகளின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. மதிப்பிட்டவர்களில் சிலர் ஆய்வை எழுதியவர்களே.

ஆகவே அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது இவ்வளவுதான்: எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பொறுமையாக விளக்கம் தருவதில் இயந்திரம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. நோயைக் கண்டுபிடிப்பது வேறு வேலை.

அந்தச் சாட்பாட் பழையது. இப்போது வந்திருப்பவை இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்குமே?

இருக்கலாம். ஆனால் சிக்கல் இயந்திரத்துக்குள் மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனைச் சேர்ந்த 1,298 பேருக்குப் பத்து நோய்ச் சூழல்களைக் கொடுத்தார்கள். இது என்னவாக இருக்கும், எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. சிலருக்கு ஜிபிடி-4ஓ போன்ற சாட்பாட்கள் துணை. மற்றவர்கள் வழக்கமாக வீட்டில் எப்படித் தேடுவார்களோ அப்படி.

அதே சூழலை நேராகச் சாட்பாட்டிடம் கொடுத்தபோது, 94.9 விழுக்காட்டில் பொருத்தமான நோயைச் சொல்லிவிட்டது. ஆனால் சாட்பாட்டை மனிதர்கள் கையில் கொடுத்தபோது 34.5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அதைப் பிடித்தார்கள். எங்கே போவது என்ற முடிவிலும் 44.2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சாட்பாட் இல்லாதவர்களைவிட அவர்கள் தேறவில்லை.

இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது, மனிதருக்குப் போய்ச் சேரவில்லை. கேட்பவர் பாதியைத்தான் சொல்கிறார். சாட்பாட் நாலைந்து காரணங்களை அடுக்குகிறது. அதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிவதில்லை. கிளினிக்கில் டாக்டர் “வலி எப்போது வருகிறது, ஏறும்போதா, படுக்கும்போதா?” என்று குடைந்து கேட்பதுதான் அங்கே விடுபட்டுப்போவது.

அப்படியானால் எப்படிக் கேட்க வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பலரும் எழுதுவது இப்படி:

“அப்பாவுக்கு 2 நாளா கேஸ்ட்ரிக். ஃபார்மசியில் என்ன மருந்து வாங்கலாம்?”

இதற்குக் கவிஸ்கோன் மாதிரி ஏதாவது சொல்லும், காரம் குறைக்கச் சொல்லும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனால் ‘கேஸ்ட்ரிக்’ என்று நோயின் பெயரை நீங்களே வைத்துவிட்டீர்கள். அதே அப்பாவைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்:

“61 வயது ஆண், 78 கிலோ. 12 வருடமாக நீரிழிவு, ரத்தக் கொதிப்பு. மெட்ஃபார்மின், அம்லோடிபின் சாப்பிடுகிறார். புகைப்பார். 2 நாளாக மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, அழுத்துவது போல இருக்கிறது. லிஃப்ட் பழுது என்பதால் நாலாவது மாடிக்கு ஏறும்போது வருகிறது. உட்கார்ந்தால் 5 நிமிடத்தில் போய்விடுகிறது. வியர்க்கிறது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.”

ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகும் அழுத்தம் இதய நோயின் அடையாளமாக இருக்கலாம். இந்த இரண்டாவது எழுத்துக்கு எந்த நல்ல சாட்பாட்டும் ஜெலுசில் வாங்கச் சொல்லாது, இன்றே இசிஜி எடுக்கச் சொல்லும். நோயாளி அதேதான். நாம் எழுதியதுதான் மாறியிருக்கிறது.

எழுத வேண்டியவை: வயது, ஆணா பெண்ணா, எடை. பெண் என்றால் கர்ப்பமா, கடைசி மாதவிடாய் எப்போது. ஏற்கெனவே உள்ள நோய்கள். எல்லா மருந்தும், அளவோடு, நாட்டு மருந்தும் சத்து மாத்திரையும் உட்பட. ஒவ்வாமை. எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. வீட்டில் அளக்க முடிந்தவை: காய்ச்சல், ரத்த அழுத்தம், சீனி. எது இல்லை என்பதையும் எழுதுங்கள். “வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை” என்பதும் தகவல்தான்.

கடைசியில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். “பதில் சொல்லும் முன் உனக்குத் தெரிய வேண்டியதை ஒவ்வொரு கேள்வியாகக் கேள்.” “இதில் தவறவிடக் கூடாத ஆபத்தான காரணம் எது, அது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?” முதல் வரி டாக்டரின் குடைச்சலை ஓரளவு திரும்பக் கொண்டுவரும். இரண்டாவது, அடுக்கிய காரணங்களில் எது முதலில் என்று சொல்ல வைக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று: “இது வாயுதானே?” என்று முடிவைக் கையில் கொடுத்துக் கேட்பது. சாட்பாட்டுகளுக்குக் கேட்பவர் மனம் கோணாமல் தலையாட்டும் பழக்கம் உண்டு. சந்தேகமாக இருந்தால் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, உங்கள் அபிப்பிராயத்தைச் சேர்க்காமல் மறுபடி கேளுங்கள். இரண்டு பதிலும் வேறு திசையில் போனால் இரண்டையும் நம்ப வேண்டாம்.

தமிழில் கேட்டால் புரியுமா?

பெரிய சாட்பாட்டுகளுக்குத் தமிழ் புரியும். எழுத்துத் தமிழில் கேட்டால் நன்றாகவே பதில் வரும். நம் பேச்சு வழக்குதான் சறுக்கும் இடம்.

‘நெஞ்சு கரிக்கிது’ என்பது புளித்த ஏப்பத்தோடு வரும் எரிச்சல். ‘நெஞ்சை அடைக்கிது’ வேறு. ‘தலை சுத்துது’ என்று சொல்பவருக்கு அறையே சுழலலாம், அல்லது எழுந்து நிற்கும்போது கண் இருட்டலாம். முதலாவது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சிக்கல், இரண்டாவது ரத்த அழுத்த மாத்திரை கூடிப்போனதாலும் வரும். ‘மேல் வலி’ என்றால் உடம்பு முழுக்க வலி. அதை மேல்பகுதி வலி என்று எடுத்துக்கொண்டால் பதில் வேறெங்கோ போகும். ‘வெளிக்குப் போகிறது’, ‘கடுப்பு’, ‘குடைச்சல்’, ‘மதமதப்பு’, ‘காந்தல்’ எல்லாமே இதே ரகம்.

இங்கே நாம் சொல்லும் ‘இனிப்புநீர்’ இன்னொன்று. மலாய் ‘கெஞ்சிங் மானிஸ்’ வழியாக வந்த மலேசியத் தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுத் தமிழில் அது வழக்கில் இல்லை. ‘நீரிழிவு’ என்றோ ‘சர்க்கரை நோய்’ என்றோ எழுதுங்கள். ‘கேஸ்ட்ரிக்’, ‘காத்துப் பிடிச்சிருக்கு’ இரண்டையும் எழுதவே வேண்டாம்.

எளிய சோதனை: “நான் சொன்னதை நீ எப்படிப் புரிந்துகொண்டாய், ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டு வரியில் சொல்” என்று கேளுங்கள். ‘தலை சுத்துது’ என்பதை என்னவாக எடுத்துக்கொண்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை விளக்கச் சொல்லலாமா?

சாட்பாட் மிக நன்றாகச் செய்யும் வேலைகளில் இது ஒன்று. ஆனால் அது அதிகம் படித்திருப்பது அமெரிக்க எழுத்துகளை. அளவுகள் அங்கே வேறு, இங்கே வேறு.

நம் ஆய்வகங்களில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று வரும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) இத்தனை மில்லிகிராம் என்று. நம் கணக்கின் 1, அவர்கள் கணக்கில் 18. உங்கள் 7.0 அவர்களுடைய 126. கொலஸ்ட்ராலுக்கு 38.67ஆல் பெருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இங்கே மைக்ரோமோல், 88.4 மைக்ரோமோல் அங்கே 1 மில்லிகிராம். எண்ணை மட்டும் எழுதினால் இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கும். அலகையும், ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்பிஏ1சி, அமெரிக்கக் கணக்கில் 6.5 விழுக்காடு தொட்டால்தான் நீரிழிவு. மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3 தொட்டாலே நீரிழிவு. 6.4 என்று வந்த ஒருவருக்குச் சாட்பாட் “இன்னும் வரவில்லை, எல்லையில் இருக்கிறீர்கள்” என்று ஆறுதல் சொல்லலாம். இங்கே டாக்டர் மறுபடி சோதித்து உறுதி செய்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவார். உடல் பருமன் குறியீடும் (பிஎம்ஐ) அப்படித்தான்: மேற்கத்தியருக்கு 25 முதல் அதிக எடை, நமக்கு 23 முதல். “மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி சொல்” என்று கேட்பது உதவும். சொன்ன பிறகும் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்துப் போடுகிறீர்கள் என்றால் தசமப் புள்ளியைப் பாருங்கள். மங்கலான படத்தில் 4.1 என்பது 41 ஆகிவிடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பொதுச் சாட்பாட்டில் போட்டு நோய் கேட்க வேண்டாம். கூட வரும் எழுத்து ரிப்போர்ட்டை விளக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதில் என் விவரம் எல்லாம் போய்விடாதா?

போகும். டாக்டரிடம் சொன்னால் அதைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு. சாட்பாட்டில் தட்டியது ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

பெயரை மட்டும் மறைத்தால் போதாது. நம் அடையாள அட்டையின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டின் தலைப்பகுதியை மடித்துவிட்டுப் படம் எடுங்கள். பதிவு எண், முகவரி, பார்கோடு மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செட்டிங்ஸில் உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், தற்காலிக உரையாடல் இருந்தால் அதைத் திறந்து கேளுங்கள். வேலையிடத்துக் கணக்கில் கேட்கவே கூடாது.

காய்ச்சலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால்?

கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பினாங்கிலோ காய்ச்சல் என்றால் முதலில் டெங்கியை நினைக்க வேண்டும். குளிர் நாட்டில் இருந்து கேட்பவருக்குக் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் சொல்வது சாதாரணம். டெங்கியில் அது ரத்தக் கசிவைத் தூண்டும். நியூரோஃபென், போன்ஸ்டான், வோல்டரன், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லி வற்புறுத்துவதும் வேண்டாம். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். பனடோலும் சளி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டிலும் பாரசிட்டமோல் இருக்கலாம். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க எழுத்தில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். அதை வேறு மருந்து என்று எண்ணி இரட்டிப்பாகச் சாப்பிடுவது நடக்கிற தவறுதான்.

சாட்பாட்டிடம் கேட்கும்போது “மலேசியாவில் இருக்கிறேன், வீட்டுப் பக்கம் டெங்கி இருக்கிறது, காய்ச்சல் மூன்றாம் நாள்” என்று எழுதுங்கள். நாள் கணக்கு முக்கியம். டெங்கியில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும், ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் அதோடுதான் தொடங்கும். “காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் ஓய்ந்து படுத்திருக்கிறார்” என்று எழுதினால், தேறி வருகிறார் என்று இயந்திரமும் நினைக்கலாம், வீட்டாரும் நினைக்கலாம். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவது: இவை இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு. முதல் நாட்களில் அரசாங்கக் கிளினிக்கிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி.

சாட்பாட் சொன்னது என்று மருந்தை நிறுத்தலாமா, மாற்றலாமா?

கூடாது. உப்பைக் குறைக்க நினைத்த 60 வயது அமெரிக்கர் ஒருவர், சாட்ஜிபிடியிடம் விசாரித்த பின் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாகச் சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். புரோமைடு நஞ்சேறி, மனப்பிரமையோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2025இல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி இது. வேதியியலில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வரலாம். சமையலில் வராது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு டாக்டராக இருந்தால் உடனே கேட்டிருப்பார்.

நாட்டு மருந்திலும் ஜாமு எனும் மூலிகை மருந்திலும் வேறு மாதிரிச் சிக்கல். மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. லேபிளைப் படமெடுத்துப் போட்டால் சாட்பாட் இஞ்சி, மஞ்சள் என்று படித்து “பாதுகாப்பானது” என்று சொல்லிவிடும். லேபிளில் இல்லாததை அது எப்படிப் படிக்கும்? பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் குவெஸ்ட்3+ பக்கத்தில் தட்டுங்கள். அங்கே அதே பெயர் வர வேண்டும். பதிவில்லாத மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் பெட்டியோடு போங்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடம்பு சுருண்டுவிடும்.

தவறான மருந்தையோ கிளோரோக்ஸ் போன்றதையோ யாராவது விழுங்கிவிட்டால் சாட்பாட் வேண்டாம். மயக்கமோ மூச்சுச் சிரமமோ இருந்தால் 999. மற்றபடி பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும். அவர்கள் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

தைப்பூச விரதம் இருக்கிறேன். நீரிழிவு மாத்திரையை என்ன செய்வது என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பதிலைச் சல்லடை போட்டுப் பாருங்கள். நோன்பும் நீரிழிவும் பற்றிய மருத்துவ எழுத்துகளில் பெரும்பகுதி ரமலானைப் பற்றியது. சாட்பாட் அதைத்தான் எடுத்து நீட்டும். ரமலானில் விடியலுக்கு முன் ஒரு சாப்பாடு உண்டு, மாலையில் ஒன்று உண்டு. ஒரு வேளை மட்டும் சைவமாகச் சாப்பிட்டு 48 நாள் இருக்கும் விரதத்துக்கு அந்த நேர அட்டவணை பொருந்தாது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், பால் பழம் உண்டா, காவடி எடுக்கிறீர்களா என்று எழுதினால்தான் பேச்சே தொடங்கும்.

மருந்துகளில் ஆபத்தானவை இன்சுலினும் கிளிக்லசைடும் (டயாமைக்ரோன் என்ற பெயரில் வருவது). சாப்பிடாவிட்டாலும் இவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகை, பட்டினியிலும் நீர் வற்றும்போதும் ரத்தத்தில் அமிலம் கூட வழி செய்யும். இவற்றில் ஒன்று உங்கள் பையில் இருந்தால் விரதம் தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். பத்துமலையின் 272 படியானாலும் பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படியானாலும், ஏறும்போது கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள். 3.9க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விரதம் அங்கேயே முடிந்தது.

டாக்டர்களே சாட்பாட்டை வைத்துப் பதில் எழுதுகிறார்களாமே?

அமெரிக்காவின் சில மருத்துவமனைகளில் நோயாளியின் செய்திக்கு இயந்திரம் வரைவு எழுதும், டாக்டர் திருத்தி அனுப்புவார். சான் டியாகோவில் அப்படிச் செய்து பார்த்ததில் டாக்டரின் நேரம் மிச்சமாகவில்லை. படிக்க எடுத்த நேரம் கூடியது, பதில்கள் நீண்டன. பாஸ்டனில் புற்றுநோய் நோயாளிகளின் கற்பனைக் கேள்விகள் 100ஐ வைத்து ஜிபிடி-4இன் வரைவுகளை மதிப்பிட்டபோது, திருத்தாமல் அனுப்பினால் கடும் தீங்கு வரக்கூடியவை 7.1 விழுக்காடு, உயிருக்கே ஆபத்தானவை 0.6 விழுக்காடு என்று கண்டார்கள். பெரும்பாலும் தவறு மருந்தின் பெயரில் இல்லை, “உடனே வாருங்கள்” என்று சொல்லத் தவறியதில். திருத்துகிற கை எதற்காக வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

டாக்டரிடம் சாட்பாட் பதிலைக் காட்டினால் கோபப்படுவாரா?

சிலர் முகம் சுளிக்கலாம். ஏழு பக்கத்தை போனில் நீட்டிப் படிக்கச் சொன்னால் யாரும் சுளிப்பார்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். சாட்பாட்டிடம் “இதை டாக்டருக்கு ஐந்து வரியில், தேதி வாரியாக, மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடு” என்று சொல்லி, அதை வாங்கிப் போங்கள். கீழே மூன்று கேள்வி மட்டும். தமிழ் தெரியாத டாக்டரிடம் போகும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. அனுப்பும் முன் ஒருமுறை தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபாருங்கள். ‘இடது’ ‘வலது’ மாறியிருந்தால் அங்கே பிடிபடும்.

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தருமா?

தராது. ‘சாட்பாட் மருத்துவர்’ என்று சொல்லிக்கொண்டு பணம் வாங்கி எம்.சி. அனுப்பும் வாட்ஸ்அப் எண்களிடமிருந்து தள்ளியே இருங்கள். ஆன்லைனில் பேசும் டாக்டர் உண்மையானவரா என்று பார்க்க, முழுப் பெயரைக் கேட்டு மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். அந்த ஆண்டுக்கான தொழில் சான்று அவருக்கு இருக்க வேண்டும். பிரபல டாக்டர் மூட்டு வலி மாத்திரையைப் புகழும் வீடியோ வந்தால், முகமும் குரலும் இயந்திரம் செய்தவையாக இருக்கலாம். உண்மையான டாக்டர் இப்படிக் கடை விரிக்க மாட்டார்.

அம்மாவுக்கு 74 வயது, போனில் எழுதத் தெரியாது. நான் அவருக்காகக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சிரம்பானில் இருக்கும் அம்மாவைப் பற்றி கோலாலம்பூரில் இருந்துகொண்டு எழுதினால் நீங்கள் எழுதுவது உங்கள் ஊகம்.

முதலில் பாருங்கள். மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல். 12 முதல் 20 வரை வழக்கம். 25ஐத் தொட்டால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நேற்று எத்தனை முறை சிறுநீர் கழித்தார், என்ன சாப்பிட்டார், மருந்துப் பையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுங்கள். ஒரு மாதத்துக்குக் கொடுத்தது இன்னும் பாதி இருந்தால், அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் பையிலேயே இருக்கிறது. வயதானவர்களுக்கு, அதிலும் நீரிழிவு உள்ள பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமல் வெறும் களைப்பாக, குமட்டலாக வரலாம். திடீரென்று புத்தி தடுமாறிப் பேசினால் அது முதுமை என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றிலும் அப்படி ஆகும். இவை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பதில் வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு “இப்ப என்ன செய்யணும்னு சொன்னுச்சு, நீங்க சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். அவர் வாயால் வருவதற்கும் திரையில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால், திரையில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அந்தப் பதில் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மறுபடி படியுங்கள், இந்த முறை மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து.